பலகை ஒன்று, மேலே பொருள் உட்பட

நோயாளியைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்க்கும்போது உங்களில் பாதிப் பேர் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதம் என் முட்டிவலிக்காக உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன். முகத்தைப் பாருங்கள், பிள்ளைகளே. நிஜமான வலி முதலில் மூக்கு ஓரத்தில் தெரியும், அப்புறம்தான் வாய்க்கு வரும். முதலிலேயே வாய்க்கு வந்துவிட்டால் கொஞ்சம் யோசிக்கலாம். யோசிக்கலாம் என்றுதான் சொல்கிறேன். உடனே பொய் என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதப்பட்ட ஒரு ஆளை நாங்கள் ஒரு தடவை மரச்சாமான் என்று சீட்டுப் போட்டு ரயிலேற்ற வேண்டியதாயிற்று.

உங்கள் மருத்துவ மாணவர் சங்கத்து மலருக்கு ஏதாவது தரச் சொன்னீர்கள். எனக்குப் படிப்பு கிடையாது. கையெழுத்து மட்டும் போடுவேன், அதுவும் கோணிக்கொண்டு போகும். நான் சொல்லச் சொல்ல உங்கள் செயலாளர் எழுதுகிறார். நான் எங்கேயாவது சுற்றப் போனால் பேனாவை மூடிவிடுகிறார். அந்தச் சத்தம் கேட்டதும் திரும்பி வந்துவிடுகிறேன்.

யுத்த காலம். வெள்ளைக்காரன் ஆட்சி. பட்டாபிராமில் சாமான் ரயில் ஒதுங்குகிற சைடிங் பக்கத்தில் பட்டாளத்துச் சாமான்களை இறக்கி வைக்க ஒரு பெரிய கிடங்கு போட்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் ஏர் பிடித்தவன், களை எடுத்தவன், சும்மா இருந்தவன், எல்லோரும் அங்கே மூட்டை தூக்கப் போனார்கள். நானும் போனேன். அதற்கு முன்னால் குமணன்சாவடியில் லாடம் அடிக்கிற ஒருவரிடம் வேலை செய்தேன். லாடம் அடிப்பது அவர். மாட்டைக் கயிறு போட்டுக் கீழே சாய்த்து அசையாமல் பிடித்துக்கொள்வது நான். பெங்களூர் ரோட்டில் போகிற வண்டி மாடெல்லாம் என் கையில் விழுந்து எழுந்த மாடுகள். அதில் ஒரு செவலை மாடு, கொம்பில் மணி கட்டியிருப்பார்கள், அது என்னைக் கண்டாலே தானாகப் படுத்துக்கொள்ளும். (பேனா மூடுகிற சத்தம் கேட்டுவிட்டது.)

கிடங்கில் ஆள் எடுக்கிற குமாஸ்தா, “இன்னா வேல தெரியும்?” என்று கேட்டார்.

“மாட்டக் கீழ தள்ளிப் புடிச்சிப்பேங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நேராக டிஸ்பென்சரிக்கு அனுப்பினார். அங்கே அன்றைக்கு ஒருவனுக்குத் தோள்பட்டையை இழுத்து மாட்ட வேண்டியிருந்தது. நான்கு பேர் பிடித்தும் அவன் நழுவிக்கொண்டிருந்தான். நான் பிடித்தேன். அவன் நழுவவில்லை. அன்றையிலிருந்து நான் டிரஸ்ஸர், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன்.

டிஸ்பென்சரியில் கட்டில் ஆறு. டாக்டர் ஒருவர். நம் நாட்டுக்காரர்தான், தெற்கே எங்கோ ஊர், பட்டாளத்தில் கேப்டன் பதவி. குரல் மெலிசு, கோபம் தடிப்பு. ஆனால் வேலை சொல்லிக்கொடுக்க அலுக்கவே மாட்டார். இடுப்பு வலி என்று வருகிறவனை மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை நீட்டினபடியே தூக்கச் சொல்வார். கோணம் அளக்க எங்களிடம் கருவி ஏது? ஜன்னல் ஓரக் கட்டிலில்தான் படுக்க வைப்போம். குதிகால் ஜன்னல் கட்டை உயரத்துக்கு வருவதற்குள் வலி முட்டிக்குக் கீழே சுருக்கென்று இறங்கினால் நரம்பு. தாண்டிப் போனால் பெரும்பாலும் சதைப்பிடிப்பு.

“முதுகெலும்புலேருந்து கிளம்புற ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு பாதை உண்டு” என்பார். “ஆளு படிக்காதவனா இருக்கலாம். நரம்பு படிச்சது. தன் பாதையை விட்டு ஒரு அங்குலம் நகராது.”

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன். வேண்டிய நேரத்தில் வெளியே எடுக்கவில்லை, அதுதான் கதை.

ஏகாம்பரம் அண்ணனூர்க்காரர். கிடங்கில் பெட்டி தூக்குகிறவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் என்னை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் காலை லாரி சாமான் இருந்த பெட்டியைக் குனிந்து தூக்கினார். பெட்டி மேலே வந்தது, அவர் வரவில்லை. அரிவாள் மாதிரி வளைந்தபடியே டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் அன்றைக்கு ஆவடியில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். நான்தான் பார்த்தேன்.

“எங்க வலிக்குது நைனா?”

“இடுப்புல கெளம்பி, குண்டில பூந்து, கெண்டக்கால் வெளிப்பக்கமா வந்து, கட்டை வெரல்ல எறங்குது அண்ணாத்தே. பாசஞ்சர் வண்டி மாதிரி. எல்லா டேசன்லயும் நின்னு நின்னு போவுது.”

காலைத் தூக்கினேன். ஜன்னல் கட்டைக்கு ஒரு சாண் இருக்கும்போதே மூக்கோரம் சுருங்கியது. கட்டை விரலை மேலே தூக்கச் சொல்லி நான் ஒரு விரலால் அமுக்கினேன். அமுங்கிவிட்டது. பஞ்சால் தொட்டுக்கொண்டே வந்தேன். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு பட்டை, அப்படியே பாதத்தின் மேல் குறுக்காக வந்து கட்டை விரல் வரைக்கும். அந்தப் பட்டைக்குள் தொட்டால் அவருக்குத் தெரியவில்லை.

இதை டாக்டருக்குச் சொல்ல வேண்டும். எழுத வராது. மறுநாள் வரைக்கும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லை எது என்று ஒரு விரற்கடை பிசகினாலும் அவர் திட்டுவார். புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்து பாட்டில் பக்கத்தில் இருந்தது. ஒரு குச்சியில் பஞ்சு சுற்றி, மரத்துப்போன பட்டைக்கு இரண்டு பக்கமும் அவர் காலிலேயே கோடு போட்டுவிட்டேன். வராந்தாவில் உட்கார வைத்து, வெளிச்சத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்கப் போட்டேன்.

மறுநாள் டாக்டர் பார்த்தார். காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் ஊசியால் ஒரு தடவை சரிபார்த்தார். “இதுதான்டா ரெக்கார்டு” என்று சொல்லி அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துக் கேஸ் ஷீட்டில் படம் வரைந்துகொண்டார். இரண்டு மூன்று நாளைக்கு என் தலை கழுத்தில் நிற்கவில்லை. இன்னும் யாராவது கால் மரத்துப் போய் வரமாட்டார்களா என்று இருந்தது.

வந்தார்கள்.

ஏகாம்பரத்துக்கு வைத்தியம் என்ன? கட்டில் மேல் ஆறடிப் பலகை போட்டு அதன் மேல் படுக்கை, வெந்நீர்ப் பை, இரண்டு வேளை ரொட்டியும் பாலும். போர்வை குட்டை, ஊதாக் கோடு போட்ட கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நலம் விசாரிக்க வருகிற கூட்டாளிகள் ரொட்டியைப் பார்த்தார்கள், பாலைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அந்தப் பெட்டிகளை ஒரு நாள் தூக்கிப் பார்த்தால் நீங்களும் நெற்றியில் கோடு போட்டுக்கொண்டு வருவீர்கள்.

ஐந்தாம் நாள் காலை நான்கு பேர் ஒன்றாக நொண்டிக்கொண்டு வந்தார்கள். முன்னால் கோவிந்தன். கிடங்கிலேயே வாய் நீளமானவன். நால்வர் காலிலும் ஊதாக் கோடு. பெட்டிகளுக்கு அடையாளம் போட ஒரு பென்சில் உண்டு, எச்சில் பட்டால் ஊதாவாகும். அதை நக்கி நக்கிப் போட்டிருக்கிறார்கள். நால்வர் நாக்கும் நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது.

டாக்டர் கேட்டார். “என்னடா இது?”

“வலிங்க.”

“வலியைக் கேக்கலை. கோட்டைக் கேக்கறேன்.”

“அதாங்க வலி” என்றான் கோவிந்தன். “உங்களுக்கு எதுக்கு செரமம்னு நாங்களே போட்டுகினு வந்துட்டோம்.”

பின்னால் நின்றவன் இரண்டு காலிலும் போட்டிருந்தான். ஏன்டா என்றதற்கு, “எதுக்கும் இருக்கட்டும்னுதான் சார்” என்றான்.

இன்னொரு நாளாக இருந்தால் டாக்டர் சிரித்திருப்பார். அன்றைக்குக் கிடங்கைப் பார்வையிட மேலிடத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, பெட்டி தூக்க வேண்டியவர்கள் ஏன் பால் குடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டார். அந்தச் சூட்டோடு இந்த நான்கு ஊதாக் கால்கள். டாக்டருக்குக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. இவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் எவன் என்று பார்த்தார். கட்டிலில் முதல் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

“மொத்தமும் நாடகம். இவன்தான் வாத்தியார்!”

நால்வரையும் வேலைக்கு விரட்டினார். ஏகாம்பரத்தின் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் ‘நடிப்பு’ என்று எழுதினார். வேலையாட்கள் பட்டியலில் இருந்து பேரை அடிக்கச் சீட்டு அனுப்பினார். சாயந்திரம் சங்கு ஊதுவதற்குள் ஆள் வெளியே போயாக வேண்டும்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். நால்வர் காலையும் நான் நன்றாகப் பார்த்தேன். ஏகாம்பரத்தின் கோடு கெண்டைக்காலின் வெளிப்பக்கம் தொடங்கிக் கட்டை விரலில் முடியும். இவர்கள் எதிரே உட்கார்ந்து பார்த்துப் போட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாம் திரும்பிவிட்டது. உட்பக்கம் தொடங்கிச் சுண்டு விரலில் போய் நின்றது. உலகத்தில் எந்த நரம்புக்கும் அப்படி ஒரு பாதை கிடையாது. அதாவது நான்கு கோடும் பொய். முதல் கோடு நிஜம். ஒரே வார்த்தை, “ஐயா, பக்கம் மாறியிருக்குது பாருங்க” என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கோபத்தில் இருக்கிற மாட்டின் முன்னால் போய் நிற்காத பழக்கம் எனக்கு. பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன், அவ்வளவுதான் செய்தேன்.

மத்தியானம் ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மா வந்தாள். அவளுக்கு வேலை போன சேதி தெரியாது, வழக்கம்போல் கூழ் கொண்டுவந்திருந்தாள். அவரை வராந்தாவில் பலகையோடு இறக்கிப் போட்டிருந்தோம். சேதியைக் கேட்டுவிட்டு அவள் அழவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நடிக்கிறாரா? எங்க ஊட்டுக்காரரா? கூத்துல மரமா நிக்கச் சொன்னப்போவே பாதில சிரிச்சிட்டு வந்த ஆளு அது!”

கூழை நீட்டினாள். அவர் வாயைத் திருப்பிக்கொண்டார்.

“துன்னுய்யா.”

“வேணாம் புள்ள. வவுறு கம்முனு கீது.”

“நேத்து சாயங்காலத்துலேந்து இப்படித்தான் சொல்றியாம். ஒண்ணுக்காவது போனியா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். “போவல போலகீது அண்ணாத்தே. வவுத்தத் தொட்டுப் பாரு, மோளம் கணக்கா கீது.”

தொட்டேன். தொப்புளுக்குக் கீழே இளநீர்க் காய் மாதிரி திரண்டு நின்றது. “முட்டுதா?” என்றேன். “ஒண்ணுமே தெரியல” என்றார். அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. முட்டினால் வலி. இவ்வளவு திரண்டும் முட்டவில்லை என்றால்?

லாடக்காரரிடம் இருந்தபோது ஒரு மாடு வந்தது. பள்ளத்தில் வண்டியோடு உட்கார்ந்து எழுந்த மாடு. வால் செத்துத் தொங்கியது. ஈ உட்கார்ந்தாலும் அசையவில்லை. மூத்திரம் போகவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றார் லாடக்காரர். நாளைக்கு அந்த மாடு பின்னங்காலை ஊன்றவில்லை, அப்புறம் ஊன்றவே இல்லை. ஏகாம்பரத்தைப் புரட்டி, சேணத்தில் படுகிற இடம் என்போமே, உட்காரும்போது தரையில் படுகிற இடம், அங்கே கிள்ளினேன். தெரியவில்லை. மறு கால் விரலும் இப்போது தொய்ந்திருந்தது.

டாக்டர் அந்த நேரம் துரையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். அதிகாரிகள் உட்காருகிற வராந்தா, எங்களைப் போன்றவர்கள் படியேறக் கூடாது. ஏறினேன். என் கால் எனக்குத் தெரியாமலே ஏறியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஐயா, ஏகாம்பரம் ஒண்ணுக்குப் போவல.”

துரை டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார், நான் என்ன சொல்கிறேன் என்றுதான் இருக்கும். டாக்டர் சொன்னார். துரை தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“எந்த ஏகாம்பரம்? அந்த நாடகக்காரனா?” என்று டாக்டர் சீறினார்.

“நடிக்கிறவன் ஒண்ணுக்கு அடக்கலாங்க. உக்கார்ற எடத்துல மரத்துப் போன மாதிரி எப்படிங்க நடிப்பான்? கிள்ளினேன், தெரியல. இன்னொரு காலும் தொவண்டு போச்சு. அந்த நாலு பேரு கோடு பக்கம் மாறிப் போட்டதுங்க, காலையிலயே பாத்தேன். இவரு கோடு நான் போட்டது. தப்பு என்னுது.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். டாக்டர் எழுந்தார். அவர் அப்படி ஓடி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். ஏகாம்பரம் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரப்பர் குழாய் போட்டு வடித்தார். அரை வாளி. கன்னியம்மா வாளியைப் பார்த்துவிட்டு, “இதையெல்லாமா நடிச்சாரு?” என்றாள். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம், “முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற பஞ்சு பிதுங்கி, நரம்புக் கொத்தையே நசுக்குது. இன்னைக்கே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்குன்னா பிரயோசனமில்லை” என்றார்.

ஆம்புலன்ஸ் எங்கே என்றால், துரையின் பெட்டி படுக்கையை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போயிருந்தது. மாட்டு வண்டியில் குலுங்கினால் இருக்கிற நரம்பும் போய்விடும். மூன்று மணிக்குச் சைடிங்கிலிருந்து பட்டணத்துக்குச் சாமான் வண்டி ஒன்று போகும். அதைத் தவிர வேறு வழி இல்லை. பலகையோடு தூக்கிக்கொண்டு சைடிங் கேட்டுக்குப் போனோம். முன்பக்கம் இரண்டு பேர், பின்பக்கம் நானும் டாக்டரும்.

கேட்டில் ஒரு கிளார்க்கு. மூக்குக்கண்ணாடி, நல்ல மனுசன், ஆனால் சட்டத்தை உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவர்.

“எங்கிட்ட ரெண்டு புஸ்தகம் கீது சார். இது ஆளுங்க புஸ்தகம். இவரு பேரை மத்தியானம்தான் அடிச்சாச்சு. பேரில்லாத ஆளு முன்கேட்டுல நடந்துதான் போவணும்.”

“நடக்க முடிஞ்சா நான் ஏன்யா தூக்கிட்டு வரேன்? அடிச்ச பேரைத் திரும்ப எழுதும்!”

“அதுக்கு ஆவடி ஆபீஸ் கையெழுத்து வேணும் சார். ரெண்டு நாளாவும்.”

டாக்டர் அடித்த பேர். டாக்டராலேயே எழுத முடியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கிளார்க்கு இரண்டாவது புத்தகத்தை இழுத்து முன்னால் வைத்தார்.

“இது சாமான் புஸ்தகம். மனுசன்னா இந்த கேட்டுல போவ முடியாது. பலகைன்னா போவலாம்.”

“அப்ப பலகைன்னு எழுதும்.”

“பலகை ஒன்று. ஆறடி. சரி. மேல ஏதோ கீதே சார்?”

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். “மேலே பொருள் உட்பட.”

எழுதினார். அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம், “அண்ணாத்தே, கொஞ்சம் தண்ணி” என்றார்.

கிளார்க்கு பேனாவை நிறுத்தினார். “பொருளு பேசுதே சார்.”

“பேசாது! நீ எழுதுய்யா!” என்று கன்னியம்மா பாய்ந்து வந்து புருஷன் வாயைப் பொத்தினாள்.

“ஒடையக் கூடியதா?”

அவள் விரல் இடுக்கிலிருந்து பதில் வந்தது. “ஒடைஞ்சே போச்சு சாமி.”

‘உடையக்கூடியது, திரும்ப வர வேண்டியது’ என்று கிளார்க்கு அட்டையில் எழுதினார். அட்டையைக் கட்ட வேண்டும். பலகையில் ஆணி இல்லை. ஏகாம்பரத்தின் கட்டை விரல்தான் வாகாக நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்குக் கட்டுகிற கம்பியைச் சுற்றி முறுக்கினார். முறுக்கு விழ விழ எங்களுக்கெல்லாம் பல் கூசியது. ஏகாம்பரம் மட்டும் வானத்தில் பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி தோலில் பதிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

டாக்டர் குனிந்து கம்பியைத் தளர்த்திவிட்டார்.

சாமானோடு துணைக்கு ஓர் ஆள் போகலாம் என்று சட்டம். அது நான். கன்னியம்மாவுக்கு எந்தப் புத்தகத்திலும் இடமில்லை. அவள் வண்டியில் ஏறுகிற நேரத்தில் கிளார்க்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, திரும்பி நின்றுகொண்டு ரொம்ப நேரம் துடைத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே முதுகைத் திறந்தார்கள். ஒரு நுங்குத் துண்டு அளவுக்கு எடுத்தார்களாம். பிழைத்துவிட்டார், ஆனால் ஒன்றுக்குப் போவாரா, நடப்பாரா என்பதை யாரும் சொல்லவில்லை. குழாய் போட்டே வடித்துக்கொண்டிருந்தார்கள். லீவு கிடைக்கிற நாளெல்லாம் போய்ப் பார்ப்பேன். போனதும் முகத்தைப் பார்க்க மாட்டேன், கட்டிலுக்கு அடியில் மூத்திரக் கலயம் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பேன். டாக்டர் நான் திரும்பி வருவதற்காகக் கேட்டிலேயே நிற்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவர் உள்ளே போய்விடுவார். சரியாகச் சாப்பிடவில்லை அந்த மனுசன்.

மூன்றாவது வாரம் நான் வார்டுக்குள் நுழைகிறேன், கன்னியம்மா எதிரே ஓடி வருகிறாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

“ஒண்ணுக்குப் பேஞ்சிட்டாரு அண்ணாத்தே! தானாவே! என் மேலயே பேஞ்சிட்டாரு!”

வார்டு முழுக்கக் கைதட்டினார்கள். பக்கத்துக் கட்டில் ஆசாமி, கால் ஒடிந்தவர், கட்டிலைத் தட்டித் தாளம் போட்டார். நான் கிடங்குக்குத் திரும்பிச் சேதியைச் சொன்னபோது டாக்டர் சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து அந்தக் கேஸ் ஷீட்டை எடுத்தார். சிவப்பு மையில் எழுதினதைச் சுரண்டி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. அதன் மேல் ஒரே ஒரு கோடு, உள்ளே இருப்பது படிக்கிற மாதிரியே அடித்தார். கீழே புதிதாக எழுதினார். கம்பவுண்டரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ‘மேலே எழுதியது என் தவறு. வலி உண்மை. டிரஸ்ஸர் சொன்னது சரி.’ கையெழுத்து. தப்பாக எழுதிவிட்டால் அப்படித்தான் அடிக்க வேண்டும், பிள்ளைகளே. அடுத்து வருகிறவனுக்கு நம் தப்பும் தெரிய வேண்டும்.

பேரைத் திரும்பச் சேர்க்க ஆவடியிலிருந்து கையெழுத்து வந்துவிட்டது. பெட்டி தூக்க வேண்டாம், உட்கார்ந்து அட்டை கட்டுகிற வேலை. ஏகாம்பரம் ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் நடந்தார், ஆனால் நடந்தார். சாமான் வண்டியிலேயே திரும்பி வந்தோம். என் தலையில் பலகை. பின்னால் கன்னியம்மா தோளைப் பிடித்துக்கொண்டு அவர்.

சைடிங் கேட்டில் அதே கிளார்க்கு. எழுந்து வந்து ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அப்புறம் போய் உட்கார்ந்து சாமான் புத்தகத்தைத் திறந்தார்.

“பலகை ஒன்று, மேலே பொருள் உட்பட. திரும்ப வர வேண்டியது.” எங்களைப் பார்த்தார். “பொருளு மேல இல்லியே?”

“நடந்து வர்றாரு சார்! நல்லா பாருங்க!”

“சந்தோசம்தான். ஆனா போன மாதிரியே வந்தாத்தான் நான் வரவு வைக்க முடியும்.”

ஏகாம்பரம் பலகையைத் தரையில் போடச் சொன்னார். மல்லாக்கப் படுத்துக்கொண்டார். அட்டை கட்ட வசதியாகக் கட்டை விரலையும் நீட்டிக்கொண்டார். “இந்த தபா மெதுவா கட்டு சாமி. இப்ப தெரியுது.”

தூக்க ஆள் வேண்டுமே. கேட்டுக்குள்ளிருந்து நான்கு பேர் ஓடி வந்தார்கள். கோவிந்தனும் அவன் கூட்டமும். அன்றையிலிருந்து அவர்கள் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு மூலை பிடித்தார்கள்.

“மாமே, தூக்கிடு, தூக்கிடு” என்றான் கோவிந்தன், எல்லோரையும் முந்திக்கொண்டு.

பலகையின் மூன்று மூலை மேலே வந்தது. கோவிந்தன் மூலை வரவில்லை. நான் பாய்ந்து அந்த மூலையைப் பிடித்துக்கொண்டேன். அவன் அரிவாள் மாதிரி வளைந்து நின்றுகொண்டிருந்தான்.

“அண்ணாத்தே... இடுப்புல புடிச்சி... கால்ல...”

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். கிளார்க்கு சிரித்தார். பலகை மேலிருந்து ஏகாம்பரமே சிரித்தார். “கோடு எங்கடா மாமே?” என்றான் ஒருவன். கோவிந்தனும் சிரிக்கத்தான் பார்த்தான். நான் அவன் மூக்கோரத்தைப் பார்த்தேன்.

ஏகாம்பரத்தை வரவு வைத்துவிட்டு, கோவிந்தனைத் தாங்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தேன். “காலையில ஒண்ணுக்குப் போனியா?” என்று முதலில் கேட்டேன். போனதாகச் சொன்னான். ஜன்னல் ஓரக் கட்டிலில் படுக்க வைத்துக் காலைத் தூக்கினேன். கட்டைக்கு இரண்டு சாண் கீழேயே நின்றுவிட்டது. பஞ்சால் தொட்டுக்கொண்டே வந்தேன். இந்தத் தடவை பாதை சரியாக இருந்தது.

அலமாரியைத் திறந்து ஊதா பாட்டிலை எடுத்தேன். வராந்தாவில் பத்துப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் போய்க் கதவைச் சாத்தினேன்.